மணியம் அண்ணனுக்குக் கேட்ட பிட்டா

போன வாரம் நீங்கள் புதியவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து நம் பினாங்குக் கொடிமலையில் பறவை பார்க்க ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு போனதை நான் பின்னால் நின்று பார்த்தேன். குறை சொல்ல வரவில்லை, நன்றாகத்தான் செய்தீர்கள். ஆனால் உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், காதுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு "கேக்குதா? கேக்குதா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டபடியே போனார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அந்தத் தலையாட்டலை நம்பித்தான் நான் ஒரு மனிதரை யானைக்கு முன்னால் கொண்டுபோய் விட்டேன்.

முட்டி மக்கர் செய்ததால் போன வருடம் இந்த வழிகாட்டி வேலையிலிருந்து ஓய்ந்துவிட்டேன். வாய் மட்டும் இன்னும் ஓயவில்லை. எந்த லென்ஸ் வாங்குவது, எந்த பூட்ஸ் போடுவது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப் போவது இது ஒன்றைத்தான்.

பினாங்கிலிருந்து பறவை பார்ப்பவர்களை நான் வெளிநாட்டுக் காடுகளுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தபோது, ஆட்கள் அதிகம் ஆசைப்பட்ட இடம் உகாண்டாவின் மேற்குப் பக்கத்து மழைக்காடு. காரணம் ஒரே ஒரு பறவை, பச்சை மார்பு பிட்டா. பிட்டா உங்களுக்குத் தெரியும். நம் சதுப்புக் காட்டிலும் ஒரு வகை இருக்கிறது. குட்டை வால், கொழுகொழு உடம்பு, அத்தனை வண்ணத்தையும் வைத்துக்கொண்டு தரையில் இலைக்குப்பைக்குள் தத்தித் தத்தி ஒளிந்து திரியும். அந்த ஆப்பிரிக்கப் பிட்டா ஒரு படி மேலே. விடியும் நேரத்தில் தாழ்ந்த கிளையில் ஏறி உட்கார்ந்து, இருந்த இடத்திலேயே எகிறி எகிறிக் குதிக்கும். குதிக்கும்போது இறக்கையிலிருந்து அடங்கின, கனத்த ஒரு சத்தம் வரும். வெளிச்சம் நன்றாக ஏறிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். அப்புறம் அதைக் கண்டுபிடிக்க ஆண்டவனே இறங்கி வரவேண்டும்.

அந்த முறை என்னோடு வந்தது ஒரு தம்பதி மட்டும். மணியம் அண்ணன், அவர் மனைவி லெட்சுமி அக்கா. வீடு சிம்பாங் அம்பாட்டில். அண்ணன் மாக் மண்டினில் இரும்புத் தகடு அடிக்கும் பட்டறை வைத்திருந்தவர். பிள்ளைகள் கையில் அதைக் கொடுத்த பிறகு பறவைப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. நம் நாட்டுப் பிட்டாக்களை ஒன்று விடாமல் பார்த்துவிட்டார். "ஆடுற பிட்டாவ மட்டும் பாத்துட்டேன்னா போதும் தங்கச்சி, கேமராவ பேரனுக்குக் குடுத்துருவேன்" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் பறவை என்றால் கோழிதான். "இவர தனியா விட்டா சாப்புட மாட்டாரு, அதான் கூட வர்றேன்" என்று விமான நிலையத்திலேயே சொல்லிவிட்டார். அவர் கைப்பையில் மருந்து எண்ணெயும், குமட்டலுக்கு வாயில் அடக்கிக்கொள்ள ஒரு பெரிய பாக்கெட் ஆசாம்போயும் இருந்தன. உப்பில் ஊறவைத்துக் கல் மாதிரி காயவைத்த அந்தப் பழத்தைச் சப்பாமல் நம் ஆட்கள் எந்த மலைப் பாதையில்தான் போயிருக்கிறார்கள்!

அண்ணனை நான் பார்த்துப் பழகியதெல்லாம் நம் ஊர் மறைப்புகளுக்குப் பின்னால்தான். பச்சைத் துணியைக் கட்டி, முக்காலியில் உட்கார்ந்து, கட்டையின்மேல் புழுவை வைத்துவிட்டு, பிட்டா வந்து தின்னும்வரை மரம் மாதிரி அசையாமல் இருப்பார். அந்தப் பொறுமையைப் பார்த்து, இவர் பழுத்த ஆள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். யோசித்துப் பாருங்கள். புழு வைத்த இடத்தில் பறவை கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். அங்கே காதுக்கு வேலையே இல்லை.

உகாண்டாக் காட்டில் எல்லா வேலையும் காதுக்குத்தான். அந்தக் காட்டை எப்படிச் சொல்வேன்! மரத்தின் உச்சியைத் தேடித் தலையை நிமிர்த்தினால் தொப்பி கழன்று விழுகிறது, உச்சி வந்தபாடில்லை. பகலிலும் உள்ளே சாயங்கால வெளிச்சம்தான். இருவாட்சிகள் தலைக்குமேல் போனபோது முதலில் இறக்கைச் சத்தம் வந்தது. "புஸ், புஸ்" என்று யாரோ வானத்தில் துருத்தி ஊதுவதுபோல. அதற்கு அப்புறம்தான் பறவையே கண்ணில் பட்டது. எங்கேயோ உள்ளே சிம்பன்சிகள் மரத்தின் பலகை வேர்களைக் கையாலும் காலாலும் அறைந்தன. தம், தம், தம். அந்த அதிர்வு மார்புக்குள் வந்து இறங்கியது. மணியம் அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார், கண் கலங்கிவிட்டது. "ஆத்தா! என்னா காடு லா இது!" என்றார். எத்தனை முறை போயிருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு நான் பழகவே இல்லை.

எங்களை அழைத்துப் போன வனக்காவலர் ஒரு பெண், பெயர் ரோஸ். தோளில் துப்பாக்கி, கண்ணில் எப்போதும் ஒரு சந்தேகம். இலைகளுக்குள் சின்னப் பறவை ஒன்று கீச்சிட்டால் அவர் ஆங்கிலத்தில் பெயர் சொல்வார், நான் உடனே "கேட்டுச்சாண்ணே?" என்பேன். அண்ணன் "ஆங், கேட்டுச்சு லா" என்று தலையாட்டுவார். அதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அக்கா அவர் முழங்கையை லேசாகத் தட்டுவதைக் கவனித்தேன். இந்த வயதிலும் என்ன ஒட்டுதல் பாருங்கள் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். மடச்சி.

அந்தக் காட்டில் எங்களுக்குக் கிடைத்தவை இரண்டு விடியல்கள். முதல் விடியலில் பிட்டா ஏமாற்றிவிட்டது. காத்திருந்து காத்திருந்து, வெளிச்சம் ஏறி, வெறும் கையோடு திரும்பினோம்.

திரும்பும் வழியில்தான் அது நடந்தது. உள்ளே நுழையும் முன்பே ரோஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். யானை பக்கத்தில் இருந்தால் நான் மெல்லிசாக ஒரு விசில் அடிப்பேன், பறவை கூப்பிடுகிற மாதிரி இருக்கும், கேட்டதும் அப்படியே நில்லுங்கள், கத்தக் கூடாது, ஓடக் கூடாது. நான் அதைத் தமிழில் சொல்லி, "வெளங்குச்சாண்ணே?" என்று கேட்டேன். தலையாட்டினார்.

ஒரு பெரிய நீல டுராக்கோ, நம் வீட்டுச் சேவலைவிடப் பெரிய பறவை, பாதைக்குமேல் கிளை கிளையாக ஓடியது. அண்ணன் கேமராவைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போனார். நாங்கள் மூவரும் சற்றுப் பின்தங்கி வந்துகொண்டிருந்தோம். திடீரென்று ரோஸ் நின்று விசில் அடித்தார். நானும் அக்காவும் உறைந்துபோனோம். அண்ணன் போய்க்கொண்டே இருந்தார். ரோஸ் மறுபடியும் விசில் அடித்தார். அண்ணன் இன்னும் முன்னால் போனார். அவருக்கு அப்பால் புதரில் சாம்பல் நிறமாக ஏதோ ஒன்று. பாறை என்று நினைத்தேன். அந்தப் பாறையில் ஒரு காது விரிந்தது.

அலாமாக், செத்தோம் என்று நினைத்தேன். கத்த வாயைத் திறந்துவிட்டேன். ரோஸ் ஒரு கையால் என் மணிக்கட்டை நெரித்தார். இன்னொரு கை துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கியது. எனக்கு அண்ணன்மேல் கோபம்கூட வந்தது. விசிலைக் கேட்டும் போகிறாரே, ஒரு படத்துக்காகவா என்று. அப்போது அக்கா என் காதோடு காதாகச் சொன்னார்.

"அவருக்குக் கேக்காது தங்கச்சி. மிஷின் சத்தத்துலயே காது போச்சு. பக்கத்துல நின்னு பேசுனா கேக்கும். விசில், குருவிச் சத்தம், கீச்சுன்னு மெல்லிசா வர்றது எதுவும் கேக்காது."

முழங்கைத் தட்டல்கள் எல்லாம் அந்த நொடியில் எனக்குப் புரிந்தன. புரிந்து என்ன செய்ய? கத்தினால் யானை பாயும். ஓடிப் போய் இழுக்கலாம் என்றால் ஈர இலைமேல் என் கனத்துக்கு நான் எழுப்பும் சத்தமே போதும். என் புத்தி அங்கேயே நின்றுவிட்டது. அக்காவின் கை மட்டும் பைக்குள் போனது. ஓர் ஆசாம்போயை எடுத்து வீசினார். அது பாதி வழியில் விழுந்தது. அடுத்தது அண்ணனின் பின்கழுத்தில் சுளீரென்று பட்டது.

அண்ணன் எரிச்சலோடு திரும்பினார். அக்கா உள்ளங்கையை உயர்த்திக் காட்டியபடி நின்றிருந்தார். அந்த முகத்தில் அண்ணன் என்ன படித்தாரோ, தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. பிறகு எங்கள் கண்கள் போன திசையில் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

பெண் யானை. அதன் வயிற்றுக்கு அடியில் இன்னும் நான்கு சின்னக் கால்கள் தெரிந்தன. அது அண்ணனைப் பார்த்தது. அண்ணன் அதைப் பார்த்தார். நாங்கள் மூச்சே விடவில்லை. பிறகு அந்தப் பெரிய உடம்பு குட்டியோடு அப்படியே பின்வாங்கி இலைகளுக்குள் கரைந்துவிட்டது. நம்ப மாட்டீர்கள், ஒரு சுள்ளிகூட முறியவில்லை. நல்ல காது உள்ள எங்களுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பயம் எங்கே போனது என்று தெரியவில்லை, கை கூப்பத்தான் தோன்றியது.

இங்கே நின்று ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். "கேக்குதா?" என்று ஒருவரைக் கேட்பது கேள்வியே இல்லை. நம் ஆட்கள் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள், வெட்கத்துக்காக ஆட்டுவார்கள், நம் மனம் கோணக் கூடாதே என்று ஆட்டுவார்கள். "எந்தப் பக்கமிருந்து வருது? எப்புடி இருக்கு?" என்று கேளுங்கள். கேட்கவில்லை என்று ஒருவர் கூச்சமில்லாமல் சொல்லும்படி முதலில் நீங்கள் நடந்துகொள்ளுங்கள். உள்ளே போவதற்கு முன்பே கேளுங்கள். இதைவிடப் பெரிய வித்தை எதுவும் என்னிடம் இல்லை.

விடுதிக்கு வந்ததும் ரோஸ் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். நாளைக் காலை இவர் வர முடியாது. குட்டியோடு யானை பக்கத்திலேயே இருக்கிறது, என் விசில் கேட்காத ஆளை உள்ளே கூட்டிப் போனால் அவர் உயிருக்கும் ஆபத்து, அவரைக் காப்பாற்ற நான் சுட வேண்டி வந்தால் அந்தத் தாய்க்கும் ஆபத்து. அதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

அண்ணன் அக்காமேல் பாய்ந்தார். "ஏன்டி சொன்ன? யாருகிட்டயும் சொல்லாதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

"சொல்லாம? ஒங்கள அங்கயே விட்டுட்டு, வெறும் பெட்டிய தூக்கிட்டு வூட்டுக்குப் போகவா?"

அண்ணன் பூட்ஸ் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார். "காது மெஷின் இருக்கு தங்கச்சி. போட்டா எல எல்லாம் கரகரன்னு கத்துது, பொட்டியில வச்சிட்டேன். கேக்காதுன்னு உண்மைய சொன்னா யாரு கூட்டிட்டு வருவா? ரெண்டு எடத்துல வேணாம்னு சொல்லிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் போயி பாத்துட்டு வாங்க. நா ரூம்லயே இருக்கேன் லா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆடுகிற பிட்டாவைப் பார்க்க வந்த மனிதர், அது ஆடும் காட்டின் வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் சுரண்டுகிறார். ஆனால் பரிதாபப்பட்டு முடிவெடுக்கிற வேலை இல்லை நம்முடையது. ரோஸ் சொன்ன விதியையும் மீறக் கூடாது, இவரையும் விட்டுப் போகக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் இடம் இருக்கிறதா என்று யோசித்தேன். ரோஸிடம் போய் ஒன்றே ஒன்று கேட்டேன். விசில் எதற்கு? ஆளை நிறுத்துவதற்கு. சத்தம் இல்லாமல் இவரை நிறுத்த முடிந்தால்?

ரோஸ் அண்ணனையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பேசியது அக்காவுக்கு முழுதாகப் புரிந்ததோ இல்லையோ, எழுந்து வந்து அண்ணனின் கையை எடுத்துத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டு ரோஸ் முன்னால் நின்றார். "நா புடிச்சிக்கிறேன்னு சொல்லு. நா நின்னா அவரு நிப்பாரு."

ரோஸ் நிபந்தனை போட்டார். முன்னால் அவர். அவருக்கு ஒட்டினாற்போல் அக்கா. அக்காவின் தோளில் கையோடு அண்ணன். கடைசியில் நான், அண்ணனின் முதுகுப்பை வாரைப் பிடித்தபடி. கை காலியாக இருக்க வேண்டும், அதனால் கேமரா வரக் கூடாது. அதைக் கேட்டதும் நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை தூரம் சுமந்து வந்த கேமரா. அண்ணன் கழுத்திலிருந்து வாரைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தார். "பாத்தா போதும்மா" என்றார்.

அன்று சாயங்காலம் முழுக்க விடுதி முற்றத்தில் நால்வரும் ரயில்பெட்டி மாதிரி கோத்துக்கொண்டு நடந்து பழகினோம். ரோஸ் நின்றால் அக்கா நிற்க வேண்டும், அக்கா நின்றால் அண்ணன் நிற்க வேண்டும். விடுதிச் சமையல்காரர் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும்.

இரண்டாவது விடியல். கறுப்பாக இருந்த மரங்கள் மெல்லச் சாம்பல் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தன. அப்படியே கோத்தபடி போய், பிட்டா வழக்கமாக ஆடும் சரிவில் நின்றோம். யானையின் அறிகுறி இல்லை என்று ரோஸ் சைகை காட்டினார். காடு எழுந்தது. எழுந்தது என்றா சொன்னேன்? வெடித்தது. சில்வண்டுகள் காதைக் கிழித்தன. உச்சியில் குரங்குகள் கத்தின. பெயர் தெரிந்த குருவி, தெரியாத குருவி எல்லாம் ஒரே நேரத்தில் கீச்சிட்டன. அந்த இரைச்சலுக்குள் அந்த அடங்கின இறக்கைச் சத்தத்தைத் தேடி நானும் ரோஸும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். எனக்குப் பாதிக் கவனம் யானைமேல். வெளிச்சம் ஏறிக்கொண்டே வந்தது. ரோஸ் என் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார். எனக்கு அண்ணனின் முதுகைப் பார்க்கவே முடியவில்லை.

அப்போது அண்ணன் பேசினார். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாததால் கொஞ்சம் சத்தமாகவே.

"யாரோ துணி ஒதறுறாங்க."

நான் பதறிப்போய் அவர் முதுகைத் தட்டினேன். அவர் பொருட்படுத்தவில்லை. அக்காவின் தோளிலிருந்த கையை எடுக்காமல், மற்றக் கையை நீட்டி இடப்பக்கச் சரிவைக் காட்டினார். "அங்க. நின்னு நின்னு வருது. கேளுங்க."

அக்கா ரோஸின் சட்டையை இழுத்தார். ரோஸ் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண் திறந்தபோது, அந்தச் சந்தேகக்காரப் பெண்ணின் முகம் முழுக்கச் சிரிப்பு.

எனக்கு அது புரிய ஒரு கணம் பிடித்தது. எங்கள் காதில் குவிந்த கீச்சொலி எதுவும் அண்ணனின் காதுக்குள் போகவே இல்லை. சிம்பன்சியின் முழக்கம், இருவாட்சியின் இறக்கை, இப்போது இது. அடியில் ஓடும் கனத்த சத்தங்கள் மட்டும் உள்ள காடு அவருடையது. அந்தக் காட்டில் பிட்டா தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

ஒருவர் பின் ஒருவராக ஊர்ந்தோம். ரோஸ் ஒரு கிளையை விலக்கினார்.

கொடி பின்னிய தாழ்ந்த கிளை ஒன்றில் அது இருந்தது. கறுந்தலை, பச்சை மார்பு, அடிவயிற்றில் அப்போதுதான் பூசிய குங்குமம். நேராக எகிறியது, இறக்கை ஒரு முறை அடித்தது, இறக்கையில் இருந்த நீலப் பொட்டுகள் அந்த மங்கலில் மின்னின, அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. எதுவுமே நடக்காததுபோலப் பார்த்தது. மறுபடியும் எகிறியது. அவ்வளவு பெரிய காடு, அவ்வளவு பெரிய மரங்கள், யானைகள், எல்லாமே இந்தக் கைப்பிடி அளவு உயிர் குதிப்பதற்காக ஒதுங்கி இடம் விட்டு நின்றதுபோல எனக்குப் பட்டது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. "அம்மாடி, எம்புட்டு அழகு!" என்றார் லெட்சுமி அக்கா. பறவை என்றால் கோழி என்றவர், தோள்மேல் இருந்த கணவரின் கையைத் தன் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நின்றார்.

அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து, தலையை மட்டும் என் பக்கம் திருப்பி, மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, கேட்டுச்சா?"

என் தலை ஆடத் தயாராகிவிட்டது. பார்த்தது நிஜம், ஆனால் அந்த இரைச்சலில் இறக்கைச் சத்தம் எனக்கு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"இல்லண்ணே. எனக்குக் கேக்கல."

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து ஒரு விரலை உயர்த்தினார்.

"இருங்க. மறுபடியும் வரும். வர்றப்ப சொல்றேன்."

நாங்கள் மூன்று பெண்களும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.